பெயர் கேட்காதவள்

அவளுடைய பெயரை இங்கே எழுதப் போவதில்லை. பெயரைச் சொல்லாமலே ஓர் ஆளை அடையாளம் காட்டிவிட முடியும் என்பதை எனக்குக் காட்டியவளே அவள்தான். அதனால் அவள் ஊரையும், அவள் ஓட்டிய வண்டியின் நிறத்தையும், இப்போது இருக்கும் இடத்தையும்கூட விட்டுவிடுகிறேன். கம்பெனியில் எல்லோரையும் போல நானும் அவளை மேடம் என்றுதான் கூப்பிட்டேன். தனியாக இருக்கும்போது அம்மிணி. என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவள், ஆகவே அவள் என்றே எழுதுகிறேன்.

நான் அப்போது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருந்தேன். தைத்து வரும் உருப்படியை வெளிச்சத்தில் விரித்து, தையல் விட்டிருக்கிறதா, ஓட்டை விழுந்திருக்கிறதா என்று பார்த்து அனுப்புகிற வேலை. தினமும் காலையில் குன்னத்தூரிலிருந்து கம்பெனி வேன் ஏறுவேன். பதினான்கு வருடமாக அதே மேஜை. அவள் தொழிலாளர் நல அதிகாரியாக வந்து சேர்ந்தபோது, இந்த ஒல்லிப் பெண் மானேஜர் போடும் சத்தத்துக்கு ஒரு மாதம் தாங்கமாட்டாள் என்று மேஜையைச் சுற்றி நின்று பேசிக்கொண்டோம்.

அவளிடம் ஒரு பழக்கம் உண்டு. ஒரு கேள்வி கேட்பாள். பிறகு சும்மா இருப்பாள். நாம் பதில் சொல்லாவிட்டால் இன்னொரு கேள்வி கேட்கமாட்டாள், முகம் சுளிக்கமாட்டாள், கைபேசியை எடுத்துப் பார்க்கமாட்டாள். உலகத்தில் வேறு வேலையே இல்லாததுபோல நம் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அந்த அமைதிக்குள் எதையாவது போட்டு நிரப்பிவிட வேண்டும் என்று நமக்கே தோன்றும்.

முதலில் அதை ஓர் ஊசி விஷயத்தில் பார்த்தேன். குழந்தைகள் சட்டை ஆர்டர் ஓடிக்கொண்டிருந்தது. மெஷினில் ஊசி உடைந்தால் எல்லாத் துண்டையும் பொறுக்கி ஒட்டி, கணக்குக் காட்ட வேண்டும் என்பது சட்டம். ஒரு துண்டு கிடைக்காவிட்டாலும் அந்தக் கட்டு முழுவதையும் நிறுத்திவிடுவார்கள். ஒருநாள் பேக்கிங்கில் ஊசித் துண்டு இருக்கிறதா என்று பார்க்கும் கருவி கத்தியது. மூன்று மாதக் குழந்தை போடும் சட்டையின் தோள் தையலுக்குள் ஊசி முனை இருந்தது. மானேஜர் லைன் நடுவில் நின்று, "யாருன்னு சொல்லலீன்னா மொத்த லைனையும் வெளிய அனுப்பீருவேன்" என்று கத்தினார். நாற்பது பேரும் குனிந்த தலை நிமிரவில்லை.

அவர் போன பிறகு அவள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு, தோள் இணைக்கும் டெய்லர் ஒருத்தியின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நேத்து டீக்கு முன்னாடி உங்க மெஷின் எப்படிச் சத்தம் போட்டுச்சுங்க?"

அந்தப் பெண் பேசவில்லை. அவளும் பேசவில்லை. ஒரு சட்டை தைக்கும் நேரம் போயிருக்கும். "டொக்குன்னு ஒரு சத்தம் வந்துச்சுங்க மேடம்" என்று ஆரம்பித்த பெண், முனையைத் தேடியது, ஏற்கெனவே இரண்டு ஊசி உடைத்து ஏச்சு வாங்கியிருந்தது வரை எல்லாவற்றையும் கொட்டிவிட்டு அழுதாள். அந்த டெய்லருக்கு எச்சரிக்கையோடு போயிற்று. வேலை போகவில்லை.

எப்படி அம்மிணி என்று நான் கேட்டேன்.

"ஏன் பண்ணுனீங்கன்னு கேட்டா, ஆளு தன்னைக் காப்பாத்திக்கறதுக்கு ஒரு பதிலைத் தேடுவாங்க. என்ன நடந்துச்சுன்னு கேட்டா, நடந்ததைத் தேடுவாங்க. அவ்வளவுதானுங்க்கா."

அன்றைக்குத்தான் அவள் தபால் வழியில் குற்ற உளவியல் படிப்பது தெரிந்தது. தடிமனான இங்கிலீஷ் புத்தகம். சாப்பாட்டு நேரத்தில் அதைக் கொண்டுவந்து என் எதிரில் உட்காருவாள். "உங்களுக்குப் புரியற மாதிரி சொல்ல முடிஞ்சா எனக்குப் புரிஞ்சிருச்சுன்னு அர்த்தமுங்க்கா. கொஞ்சம் கேளுங்க." நான் பிளஸ் டூவோடு நின்றவள். இந்த வயதில் என்னிடம் ஒருவர் பாடம் ஒப்பிக்கிறார் என்பதே எனக்குப் பெருமையாக இருந்தது.

கண்ணைப் பார்த்தே கொலைகாரனைச் சொல்லிவிடுகிற படிப்பு என்று நான் நினைத்திருந்தேன். அவள் சிரித்தாள். ஒரு காலத்தில் மண்டையையும் காதையும் தாடையையும் அளந்து, இவன் பிறவிக் குற்றவாளி என்று சொன்னவர்கள் இருந்தார்களாம். அதெல்லாம் தப்பு என்று தூக்கிப் போட்டு வெகுகாலம் ஆகிவிட்டதாம். "மூஞ்சியில ஒண்ணும் எழுதியிருக்காதுங்க்கா. கண்ணைப் பார்த்துப் பேசலைன்னா பொய்யின்னு சொல்றாங்க பாருங்க, அதுவும் நெசமில்ல. பயந்தவங்களும் அப்படித்தான் இருப்பாங்க."

"அப்பறம் என்னதான் படிக்கறீங்க?"

"போலீஸு யாருன்னு தேடும். கோர்ட்டு என்ன தண்டனைன்னு பாக்கும். நாங்க எப்படி இது நடந்துச்சுன்னு கேப்போம். செஞ்சவன் மனசு மட்டும் இல்ல. பட்டவங்க மனசு, பார்த்த சாட்சி மனசு, விசாரிக்கறவங்க மனசு, தண்டனை முடிஞ்சு வெளிய வர்றவன் மனசு, எல்லாமே இதுல வரும்."

தண்டனை முடிந்து வெளியே வருகிறவன் என்று அவள் சொன்னதும் என் கையில் இருந்த சோறு அப்படியே நின்றது. என் தம்பி ஒரு கல்யாண வீட்டில் குடித்துவிட்டு ஒருவரை அடித்து, அவர் ஆறு மாதம் படுக்கையில் கிடக்க, இவன் சிறைக்குப் போய் வந்தவன். எங்கள் வீட்டில் அதை யாரும் பேசுவதில்லை. பெண் எடுக்கிற இடத்தில் தெரிந்துவிடும் என்று அம்மாவுக்குப் பயம். பதினான்கு வருடம் கூட வேலை செய்தவர்களுக்கும் சொல்லாததை நான் அவளிடம் சொன்னேன். இது எங்கள் ரத்தத்திலேயே இருக்கிறதா, என் மகனுக்கும் வருமா என்று கேட்டேன்.

"ரத்தத்துல வர்ற விதியின்னு ஒண்ணும் கெடையாதுங்க்கா. குடி, கோவம், பக்கத்துல ஏத்தி விடறதுக்கு நாலு பேரு, அந்த நேரத்துல தடுக்கறதுக்கு ஆளில்ல. எல்லாம் சேர்ந்தாத்தான் நடக்குது. அதுல ஒண்ணை எடுத்துட்டா நடக்காமயே போயிருக்கும். உங்க பையனுக்கு நீங்க இருக்கறீங்க" என்றாள். பல வருடமாக மார்பில் வைத்திருந்த கல்லை யாரோ இறக்கி வைத்ததுபோல இருந்தது. அன்றைக்கு வேனில் வீடு திரும்பும்போது இந்தப் பெண்ணுக்காக என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்று நினைத்தேன். அதை மறைக்க விரும்பவில்லை.

அவள் நல்லதும் செய்தாள். அயர்னிங் பிரிவில் ஒருவரின் கைபேசி காணாமல் போனது. ஒடிசாவிலிருந்து வந்த சந்தன் என்ற முப்பது வயது ஆள்மேல் பழி விழுந்தது. பைகள் வைக்கும் அறையிலிருந்து அவன் வந்ததைத் தன் கண்ணால் பார்த்ததாக வாட்ச்மேன் அடித்துச் சொன்னார். சந்தனுக்குத் தமிழ் சரியாக வராது. சுவரோடு ஒட்டி நின்றான். நாலு பேர் கை ஓங்கிக்கொண்டிருந்தார்கள்.

அவள் வாட்ச்மேனிடம் மெதுவாகக் கேட்டாள். "அண்ணா, அவரு வந்தப்ப நீங்க என்ன பண்ணிட்டு இருந்தீங்க?"

"லாரிக்கு கேட்டு தொறந்து விட்டுட்டு இருந்தனுங்க."

"அப்ப முகத்தைப் பார்த்தீங்களா, முதுகைப் பார்த்தீங்களா?"

"முதுகுதானுங்க."

"இவருதான்னு உங்களுக்கு எப்பத் தோணுச்சு?"

அவர் யோசித்தார். அவள் காத்திருந்தாள். "எல்லாரும் இவன்தான்னு சொன்னதுக்கு அப்பறமுங்க" என்றார் அவர், தனக்கே அப்போதுதான் தெரிந்ததுபோல.

மறுநாள் கட்டிங் வேஸ்ட் மூட்டையைக் கொட்டியபோது கைபேசி அதற்குள்ளிருந்து விழுந்தது. வாட்ச்மேன் பொய் சொன்னாரா என்று அவளிடம் கேட்டேன். "இல்லீங்க்கா. நெனப்பு போட்டோ மாதிரி அப்படியே இருக்காது. ஒவ்வொரு தடவை எடுக்கறப்பவும் மறுபடி தைக்கறோம். பக்கத்துல இருக்கறவங்க குடுக்கற துணியும் அதுல சேர்ந்துக்கும்." சந்தன் அதற்குப் பிறகு அவளைக் கண்டால் நெற்றியில் கை வைத்துவிட்டுத்தான் நகர்வான்.

இப்படிப்பட்டவள்தான் பேச்சியம்மாளை வெளியே அனுப்பினாள்.

பேச்சி ஓவர்லாக் டெய்லர். சாத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்தவள். கணவன் இல்லை. பத்தாம் வகுப்பு படிக்கும் மகளோடு கம்பெனி குடியிருப்பில் இருந்தாள். நாங்கள் வேலை செய்யும் மாடிக் கூடத்துக்கு முன்னால் ஒரு படி, பின்னால் ஒரு படி. பின்படி வழியாக உருப்படிகள் திருட்டுத்தனமாக வெளியே போகின்றன என்று சந்தேகப்பட்டு மானேஜர் அந்தக் கதவுக்குப் பூட்டுப் போட்டுவிட்டார். பேச்சியின் மெஷின் அந்தக் கதவை ஒட்டித்தான் இருந்தது. பூட்டுப் போட்ட நாளிலிருந்து அவளுக்கு வேலை ஓடவில்லை. கை கழுவும் குழாயடியில் ஒருநாள் என்னிடம் சொன்னாள். அவளுடைய அக்கா பட்டாசு ஆலையில் தீயில் போனவள். வெளியே வர வழியிருந்தும் கதவு திறக்கவில்லை. "எங்க போனாலும் வாசல் எங்கன்னுதாங்க்கா மொதல்ல பாப்பேன். குளிக்கிற ரூமுக்குக்கூடத் தாப்பா போடமாட்டேன். மக சத்தம் போடுவா."

மற்றவர்களோடு சேர்ந்து மானேஜரிடம் இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். பார்த்துக்கலாம் என்றார். பிறகு, எங்கள் சரக்கை வாங்கும் வெளிநாட்டு பையர்காரர்கள், தொழிலாளர்கள் புகார் சொல்வதற்கென்று சுவரில் ஒட்டியிருந்த முகவரிக்குப் பெயர் போடாமல் ஒரு கடிதம் எழுதினாள். மறுநாள் எனக்கு மட்டும் சொன்னாள். இரண்டு வாரத்தில் அவர்கள் அனுப்பிய ஆட்கள் ஆடிட்டுக்கு வந்தார்கள். நேராகப் பின்கதவுக்குப் போனார்கள். அன்றைக்கே பூட்டு போயிற்று.

எங்களுக்கு நிம்மதி. மேலே இருந்தவர்களுக்கு ஒரே கேள்வி: எழுதியது யார்?

அந்த வாரம் அம்மிணி சாப்பாட்டு நேரத்தில் புத்தகத்தைக் கொண்டுவரவில்லை. ஒரு நோட்டுப் புத்தகம் மட்டும் வைத்திருந்தாள்.

"படிப்புக்கு ஒரு கட்டுரை எழுதோணுமுங்க்கா. ஒரு ஆளோட மனசை வரையோணும். அந்த லெட்டரு எழுதுனவங்களையே எடுத்துக்கலாம்னு பாக்கறேன். தனக்கு மேல இருக்கறவங்களுக்கு எதிரா ஒண்ணைச் செய்யறதுக்கு அந்தத் தைரியம் எங்கிருந்து வருது? பேரு எனக்கு வேண்டாம். உங்களுக்குத் தெரிஞ்சாலும் சொல்லாதீங்க. மனசு மட்டும் போதும்."

எனக்கு ஒன்றும் தெரியாது என்றேன். அவள் தலையாட்டினாள். மறுபடி கேட்கவே இல்லை. பத்து நாள் தினமும் எதிரில் உட்கார்ந்து, தன் டப்பாவிலிருந்து எனக்கு ஒரு கரண்டி பொரியல் வைத்து, நோட்டை மூடியே வைத்திருந்து, என் மகனின் படிப்பைப் பற்றி, தம்பியைப் பற்றி விசாரித்துவிட்டுப் போனாள். பதினோராவது நாள் நானாகவே ஆரம்பித்தேன்.

"அவங்களுக்குக் கோவமெல்லாம் இருக்காதுங்க அம்மிணி. பயந்தான்."

அவள் பேனாவைத் திறந்தாள்.

நான் சொன்னேன். எந்த இடத்தில் உட்கார்ந்தாலும் வாசலைத்தான் முதலில் பார்ப்பார்கள். கதவு பூட்டியிருந்தால் மூச்சு முட்டும். தாழ்ப்பாள்கூடப் போடமாட்டார்கள். அவர்களுக்கு வேண்டிய யாரோ எப்போதோ உள்ளே மாட்டிக்கொண்டு வராமலே போயிருக்க வேண்டும். தனக்கென்று எதுவும் கேட்க மாட்டார்கள், ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அடங்க மாட்டார்கள்.

"எவ்வளவு அழகாச் சொல்றீங்க. நீங்க படிக்க வேண்டிய படிப்புங்க்கா இது" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்கு நான் இன்னும் பத்து நிமிடம் பேசினேன். பெயரைச் சொல்லவில்லை. ஒரு ரகசியத்தைக் காப்பாற்றிக்கொண்டே ஒருவருக்கு உதவியும் செய்த திருப்தியோடு மேஜைக்குத் திரும்பினேன்.

அதற்கு ஐந்தாவது நாள் பேச்சிக்கு விசாரணைக் கடிதம் வந்தது. கம்பெனியைப் பற்றி வெளியாருக்குத் தகவல் கொடுத்தது என்று குற்றம். தொழிலாளர் கமிட்டியில் செக்கிங் பிரிவுக்கு நான்தான் ஆள். சாட்சியாக உட்கார என்னையும் கூப்பிட்டார்கள்.

ஏசி அறை. மானேஜர் நடுவில். அவள் ஓரத்தில். மானேஜர் மூன்று பக்க அறிக்கையைக் கையில் எடுத்து வாசித்தார். "எந்த இடத்தில் அமர்ந்தாலும் முதலில் வாசலைப் பார்ப்பவர். பூட்டிய கதவு மூச்சுத் திணறலை உண்டாக்கும். நெருங்கிய ஒருவர் உள்ளே சிக்கி வெளியே வராமல் இறந்திருக்கக்கூடும்." என் வார்த்தைகள். இலக்கணம் மட்டும் திருத்தியிருந்தது. பேச்சி தலையைத் தூக்கி ஒரே ஒரு முறை என்னைப் பார்த்தாள். பிறகு அந்த அறையில் இருந்தவரை அவள் என் பக்கம் திரும்பவில்லை.

"உங்க அக்கா தீ விபத்துலதானே இறந்தது?" என்று, குடியிருப்பில் விசாரித்து வைத்திருந்த மானேஜர் கேட்டார்.

"ஆமா."

"லெட்டர் நீங்கதானே எழுதுனீங்க?"

"ஆமா. கதவு பூட்டியிருந்துச்சு. எழுதுனேன்."

பேச்சி அழவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. சாட்சி என்று அச்சடித்திருந்த இடத்தைக் காட்டி என் பக்கம் தாளைத் தள்ளினார்கள். நான் கையெழுத்துப் போட்டேன். ஏன் போட்டேன் என்று இன்றுவரை எனக்குள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். ஒரு வாரத்தில் வேலை போய், பேச்சி குடியிருப்பைக் காலி செய்தாள். மகளுக்குப் பொதுத்தேர்வுக்கு மூன்று மாதம் இருந்தது.

நான் அம்மிணியைச் சாப்பாட்டு அறையில் பிடித்தேன்.

"ஏன் அம்மிணி இப்படிப் பண்ணுனீங்க?"

வழக்கம்போலக் காத்திருந்தாள். இந்த முறை நானும் பேசவில்லை. கடைசியில் அவள்தான் பேசினாள்.

"நான் பேரு கேக்கவே இல்லீங்களே அக்கா."

"கேக்கலீங்க. அதுக்குத்தான் கேக்கறேன்."

"நான் எழுதலைன்னா வேற யாராச்சும் கண்டுபிடிச்சிருப்பாங்க. இப்படிப்பட்ட மனசுன்னு தெரிஞ்சா வேலையை விட்டு எடுக்கமாட்டாங்கன்னு நெனச்சேன். அவங்களுக்கு நல்லதுதான் நெனச்சேன்."

"கதவைப் பூட்டுனவரு மனசை எழுதிக் குடுத்தீங்களா?"

அவள் டப்பாவை மூடினாள். அதற்குப் பிறகு என் எதிரில் உட்காரவில்லை. ஆறேழு மாதத்தில் பெரிய கம்பெனி ஒன்றில் பெரிய பதவி கிடைத்துப் போய்விட்டாள். போகிற நாளில் அந்தத் தடிமனான புத்தகத்தை என் மேஜையில் வைத்து, "பரீட்சை முடிஞ்சுருச்சுங்க்கா. உங்களுக்கு உபயோகம் ஆவும்" என்றாள். திருப்பிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அது இன்னொரு வெட்கம்.

மகனை அகராதியோடு பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அதை ஞாயிற்றுக்கிழமைகளில் படித்தேன். அவள் எனக்குச் சொன்னதெல்லாம் அதில் இருந்தது; எதையும் அவள் தப்பாகச் சொல்லவில்லை. அவள் சொல்லாமல் விட்ட ஒரு பாடமும் இருந்தது. தப்புச் செய்கிறவர்கள் தங்கள் மனசாட்சியைத் தூங்க வைக்க என்னென்ன சொல்லிக்கொள்கிறார்கள் என்பது பற்றியது. யாருக்கும் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. நான் செய்யாவிட்டால் வேறொருவர் செய்திருப்பார். நல்லதற்காகத்தான் செய்தேன். ஓரத்தில் பென்சிலால் அவள் கையெழுத்தில் "பரீட்சைக்கு முக்கியம்" என்று இருந்தது. நான் பெயரைச் சொல்லவில்லையே என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்ததும் அந்தப் பாடத்தில் அடங்கும் என்று புரிந்தபோது புத்தகத்தை மூடிவிட்டேன்.

அவளை நான் வெறுக்கிறேனா என்றால், முழுதாக இல்லை. அதுதான் கஷ்டம். என் தம்பியைப் பற்றி அவள் சொன்ன வார்த்தைகளை இன்னும் எடுத்துப் போர்த்திக்கொள்கிறேன். சந்தன் அடிபடாமல் தப்பியது அவளால்தான். நாளைக்கே அவள் எதிரில் வந்து உட்கார்ந்து ஒரு கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருந்தால், நான் எதையாவது சொல்லிவிடுவேனோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. அவள் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டது பேச்சியின் ரகசியம் மட்டும் இல்லை. அதற்குப் பிறகு யாராவது அக்கறையாக என்னிடம் ஒன்று கேட்டால், இது எதற்கு என்றுதான் முதலில் தோன்றுகிறது. சொந்த மகன் கேட்டால்கூட.

பேச்சி எங்கே இருக்கிறாள் என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருடம் ஆனது. திருமுருகன்பூண்டியில் சிலை செதுக்கும் பட்டறைகளுக்குப் பின்னால் ஒற்றை அறை வீடு. நைட்டியும் ஜாக்கெட்டும் தைத்துக்கொண்டிருந்தாள். உளிச் சத்தம் நிற்காமல் கேட்டது.

"வாங்க்கா" என்றாள். நாற்காலியில் இருந்த துணியை எடுத்துவிட்டு உட்காரச் சொன்னாள். மகள் பாஸாகி மேலே படிக்கிறாளாம். அடுப்படிக்குப் போய்க் காப்பி போட்டுக் கொண்டுவந்து வைத்தாள்.

வருகிற வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்ததை நான் சொன்னேன். மேடம் கட்டுரைக்கு என்று கேட்டாள், பெயர் வேண்டாம் என்றாள், நான் ஏமாந்துவிட்டேன், கையெழுத்துப் போட்டது என் தப்பு. பேச்சி குறுக்கே பேசாமல் கேட்டாள். கையில் இருந்த ஜாக்கெட்டில் கொக்கி வைத்துக்கொண்டே இருந்தாள்.

"எங்கக்கா செத்ததை எங்க அம்மாட்டகூட நான் முழுசாச் சொன்னதில்ல" என்றாள் பிறகு. "உங்ககிட்டச் சொன்னேன். அதை அந்த ரூம்புல ஒரு ஆம்பள பேப்பரைப் பாத்து வாசிக்கக் கேட்டேன்."

"அவ என்னை ஏமாத்திப்போட்டா பேச்சி."

"அவுக மேல எனக்குக் கோவமில்லக்கா. அவுக யாரோ. கம்பெனி சம்பளம் குடுக்குது, செஞ்சாக." நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "நீங்க எனக்கு யாரோ இல்லியே."

நான் டம்ளரைக் கையில் எடுத்து, மறுபடி கீழே வைத்தேன்.

"காப்பி ஆறுது. குடிச்சிட்டுப் போங்க. இனிமே வராதீக."

குடித்தேன். சர்க்கரை நான் குடிக்கும் அளவுக்குத்தான் போட்டிருந்தாள். டம்ளரைக் கழுவி வைக்கலாம் என்று எழுந்தேன்.

"வச்சிட்டுப் போங்க" என்றாள், தையலிலிருந்து தலையைத் தூக்காமல்.

வைத்துவிட்டு வந்தேன்.